கடுகளவு கருமணி

மேல் கணக்கு லயம்,
தலவாக்கலை.
11.6.1963

அன்புள்ள செரீபாவுக்கு,

அழகம்மா எழுதுவது. கினிகத்தேனையில் நீயும் வாப்பாவும் உம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் தொடங்கினேன். கை வரவில்லை.

அம்மாவும் தம்பியும் தூங்கிவிட்டார்கள். அப்பா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுத்திருக்கிறார். அவர் குடித்துவிட்டு வருகிறார் என்று அம்மா உள்ளே விடவில்லை. அவர் இருமும்போதெல்லாம் பேனாவை நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பா குடிப்பதில்லை என்பது உனக்கே தெரியும். ஒரு வாரமாகத் துரையின் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் புதுப் பூச்சி மருந்து அடிக்கிறார். முதுகில் மருந்துத் தகரம், மூக்கில் கிழிந்த துவாய், அவ்வளவுதான். மருந்தைக் கையை விட்டுத்தான் கலக்குகிறார். சாயந்தரம் கால் பின்னப் பின்ன வருகிறார். வாயில் எச்சில் வழிகிறது. உடம்பெல்லாம் பூண்டு வாடை. சாராயக் கடையில் தின்றுவிட்டு வந்த வாடை என்கிறாள் அம்மா. பக்கத்துக் காம்பரா வீரம்மா அக்கா இன்று, "என்ன சோலைமலையண்ணே, எங்க வீட்டு ஆளுக்கும் ஒரு சொட்டு மிச்சம் வச்சிருக்கலாமே!" என்று சிரித்தார். லயமே சிரித்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கஞ்சி கொடுக்கப் போனபோது அவர் கண்ணைப் பார்த்தேன். அந்த அரையிருட்டில் கருமணி விரிந்திருக்க வேண்டும். கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. கன்னத்துச் சதை தானாகத் துடித்தது.

நோன்புப் பெருநாளன்று உன் அண்ணன் ஹமீத் நானா சொன்னது நினைவிருக்கிறதா? அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு இதே மாதிரி கண்ணோடு ஒரு மரக்கறித் தோட்டக்காரரைத் தூக்கி வந்தார்களாம். என் கொப்பியில் படம் போட்டுக் காட்டினார். நரம்பு சதைக்குச் செய்தி சொல்ல ஒரு பொருளை அனுப்புகிறது. செய்தி போனதும் அதை அழிக்க உடம்பில் இன்னொரு பொருள் இருக்கிறது. அதில் ஒரு குழி, செய்திப் பொருளின் வடிவத்துக்கு ஏற்றபடி. பூச்சி மருந்துக்கும் அந்தக் குழியில் நுழைகிற வடிவம். நுழைந்தால் ஒட்டிக்கொள்ளும், வெளியே வராது. செய்தி அழியாமல் சதை துடித்துக்கொண்டே இருக்கும், கடைசியில் மூச்சு நின்றுவிடும். நீ, "எது நல்லது எது கள்ளதுன்னு ஒடம்புக்குத் தெரியாதா நானா?" என்று கேட்டாய். "ஒடம்புக்குக் கண்ணா இருக்கு? பொருந்தினா உள்ள எடுத்துக்கும்" என்றார். நாம் சிரித்தோம்.

அடைபட்ட குழிகளுக்குப் பதில் புதியவை உண்டாக வாரக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார். அப்பா தினமும் அடிக்கிறார். சனிக்கிழமை வரை அடிக்க வேண்டும். உள்ளே இன்னும் எத்தனை மிச்சமோ, எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்து ஐயாவிடம் அப்பாவைக் கூட்டிப்போனேன். "போத தெளிஞ்சதும் வா" என்று அனுப்பிவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். "அப்பனுக்கு வக்காலத்து வாங்குறியா?" என்று அடித்தாள். அப்பாவிடமே சொன்னேன். "யாருகிட்டயும் மூச்சு விடாத தாயி. முடியலன்னு தெரிஞ்சா பேர வெட்டி லயத்த விட்டே வெரட்டிருவாங்க. குடிச்சேன்னே நெனைக்கட்டும்" என்று என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறுகிறேன்.

காலையில் பள்ளிக்கூடம் போகும்போது இதைத் தபாலில் போடுவேன். உனக்கு வர இரண்டு நாளாவது ஆகும். அந்த இரண்டு நாளும் அப்பா மருந்து அடிப்பார். பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

ஹமீத் நானா பெரிய டாக்டரிடம் சொல்லட்டும். அவர் இங்கிலீஷில் எழுதினால் துரை கேட்பார். என் பெயர் மட்டும் வேண்டாம். அந்தத் தோட்டக்காரருக்குப் போட்ட ஊசியின் பெயரை நானா சொன்னார், நான் எழுதி வைக்கவில்லை. அவர் பிழைத்தாரா என்றும் நாம் கேட்கவில்லை, செரீபா.

நீ பதில் எழுதாதே. கடிதங்களைப் பெரட்டில் எல்லார் முன்னாலும்தான் கொடுப்பார்கள். நானாவை அனுப்பு. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா இருமி வெகு நேரமாகிறது. போய்ப் பார்க்கிறேன்.

உன்
அழகம்மா