உன் நாற்காலியில் உட்கார்ந்த பெண்

டுலூத்,
திங்கட்கிழமை மதியம்

அன்பு மகள் கெர்ஸ்டினுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அவருடைய முட்டிவலியும் நலமாக அவரோடு இருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாய் என்று காலையில் உன் வாயாலேயே கேட்டேன், இருந்தாலும் மனசு ஆறவில்லை. ஜூன் பிறந்தும் ஏரிக்காற்று ஸ்வெட்டரைக் கழற்ற விடவில்லை. உன் விருது விழாவை டிவியில் பார்த்துக்கொண்டே சாப்பிட, ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துப் பை சுட்டு வைத்தேன், முக்கால்வாசியை அப்பாவே தின்றார், எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. காலையில் போனில் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நேற்று விழா தொடங்குமுன்பே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். துணை நடிகை விருதுக்குப் போட்டியில் இருந்த உங்கள் ஐந்து பேர் முகத்தையும் காட்டினார்கள். நீல உடையில், வரிசை ஓரத்தில், கழுத்தெலும்பு தெரிய நீ இருந்தாய், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா இல்லையா. வேறொருத்தி பெயரைச் சொன்னதும் கைதட்டிச் சிரித்தாய், அது என்ன சிரிப்பு என்று பெற்றவளுக்குத் தெரியாதா. அப்பா, "இவனுங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று தட்டைத் தள்ளினார். எனக்கு விருது பெரிதில்லை கெர்ஸ்டின். நீ குடியை விட்டுப் பதினாலு மாதம், அதுதான் என் கவலை. விளம்பரம் முடிந்து காமிரா உன் வரிசைக்கு வந்தால், உன் நாற்காலியில் பச்சை உடுப்புப் போட்ட ஒருத்தி தன் வீட்டுக் கல்யாணம்போலச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "இவ எப்ப டிரெஸ் மாத்துனா" என்று கேட்டேன். அப்பா, "அது நம்ம பொண்ணே இல்லடி, கண்ணாடியப் போடு" என்றார். மயங்கி விழுந்துவிட்டாயோ என்று பதறி உன் ஹெட்டா அத்தைக்குப் போன் போட்டேன், அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அட அண்ணி, யாராவது எழுந்து போனா டிவியில காலி சீட்டு தெரியக்கூடாதுன்னு ஓடி வந்து உக்கார அங்க ஆளே வெச்சிருக்காங்க, நம்ம புள்ள பாத்ரூம் போயிருக்கும்" என்றாள். அதோடு வைத்திருக்கலாம். ஆனால் அடுத்த விளம்பரம் முடிந்தும் பச்சை உடுப்பு நகரவில்லை. "பாத்ரூமாவது ஒண்ணாவது, தோத்துட்டால்ல, கீழ பார்ல நிப்பா, எனக்குத் தெரியாதா என் பொண்ண" என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு விட்டேனா, நீ காரை மரத்தில் மோதியது, அத்தை மகன் கல்யாணத்தில் விழுந்தது எல்லாவற்றையும் அழுதுகொண்டே ஒப்பித்தேன். நீ திரும்பி வந்து உட்கார்ந்ததைக்கூட அப்பாதான் பார்த்தார், "வந்துட்டா, போன வை" என்று அதட்டினார்.

வைத்த பிறகுதான் போனில் சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்தேன். அழுத்தினால், நீ பதிவு செய்து வைத்த குரல். "அம்மா, தோத்துட்டேன். பார் பக்கத்துலதான் நிக்கிறேன், கையெல்லாம் பரபரங்குது. லைன் பிசியாவே இருக்கு. யார்கூடம்மா பேசிட்டிருக்கே." நாலு முறை போட்டுக் கேட்டேன். அப்பாவைக் கேட்கவிடவில்லை.

"படிக்கட்டுல உக்காந்து ஒரு சோடா குடிச்சேன், சரியாயிடுச்சு" என்று காலையில் நீ சொன்னாய். அப்படி யாரோடு வம்பளந்தாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டாய், அத்தைக்கு ருபார்ப் பை செய்முறை சொன்னேன் என்றேன். பொய். உன்னைப் பற்றித்தான் பேசினேன். நீ தனியாக நின்று போராடிய நேரத்தில் நீ தோற்றுவிட்டாய் என்று நான் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் உன் அழைப்பை மறித்துக்கொண்டு. அத்தைக்கு இன்று போன் செய்து நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். மன்னிக்க முடிந்தால் மன்னி, முடியாவிட்டால் திட்டு, பேசாமல் மட்டும் இருக்காதே.

வெறும் காப்பியில் பொழுதை ஓட்டாதே, முட்டையாவது சாப்பிடு. கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும், அப்பாவும் உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னார். ஒன்று மட்டும் மறக்காதே: கை பரபரக்கும்போது கூப்பிடு. லைன் பிசியாக இருந்தால் மறுபடி கூப்பிடு, அதற்கும் மறுபடி கூப்பிடு. அம்மா எங்கே எடுக்கப்போகிறாள் என்று நினைத்துவிடாதே.

உன் அம்மா,
மார்லிஸ்