பாப்பாவும் மிஷின் பெட்டியும்

3-6-2007, ஞாயிறு

விடிஞ்சதுல இருந்து காத்து. கொடியில போட்ட துணி பாதி பக்கத்து மாடியில. ஆராதனைக்குப் போய் வந்து பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல். ஜெயா ரெண்டு வாய்தான் சாப்பிட்டா.

நேத்து எழுத முடியல. எங்க பனியன் கம்பெனி வாட்ச்மேன் அண்ணாச்சி வேலையை விட்டுட்டு சாத்தான்குளத்துக்கே போயிட்டார். அவர் கேட்ல கட்டி வளர்த்த நாய் மட்டும் நின்னு போச்சு. புதன்கிழமை துணி வாங்குற பையர் ஆட்கள் ஆடிட்டுக்கு வர்றாங்க, உள்ளே நாய் இருக்கக் கூடாது. யாராவது கொண்டு போங்க, இல்லைன்னா வேன்ல ஏத்தி பல்லடம் ரோட்டுல விட்டுருங்கன்னு மேனேஜர். செக்கிங் செக்‌ஷன்ல ஒருத்தரும் வாய் திறக்கல. சூப்பர்வைசர்ங்கற முறையில நான் திறந்தேனோ என்னமோ. ஆட்டோவுல மடியில வெச்சுக் கூட்டிட்டு வந்தாச்சு.

குட்டின்னு சொல்ல முடியாது. எட்டு மாசமாம். பழுப்பு நிறம், இடது காது மடிஞ்சிருக்கு, கால் மட்டும் உடம்புக்கு மிஞ்சின நீளம். பேர் பாப்பா. அண்ணாச்சி வெச்சது. மாத்தினா திரும்பிப் பார்க்காது.

தம்பி டேவிட் தவறிப் போனதுல இருந்து அவன் சம்சாரம் ஜெயா என்கூடத்தான். எங்க கம்பெனியிலயே ஓவர்லாக் டெய்லர். ஈஸ்டருக்கு அப்புறம் வேலைக்குப் போகலை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. படுத்தே கிடக்கா. கேட்டதுக்கு மட்டும் பதில். நாயைப் பார்த்து ஏதாவது சொல்லுவாளோன்னு பயந்துகிட்டே உள்ளே வந்தேன். "இது எங்க படுக்கும்?"னு கேட்டா. அவளா ஒண்ணு கேட்டு எத்தனை நாள் ஆச்சு. ஸ்தோத்திரம்.

5-6, செவ்வாய்

பாப்பா ஈரம் பண்ணினவை: ஜெயா போர்வை. என் யூனிஃபார்ம் சேலை. கால்மிதி ரெண்டும். அயர்னுக்குக் கட்டி வெச்ச மூட்டை.

வெறுந்தரையில ஒரு சொட்டு இல்லை. வெளியே கூட்டிட்டுப் போனா சும்மா மோந்துகிட்டே நிக்குது. மாடி ஏறி வந்ததும் துணியைத் தேடிப் போய் உட்காருது. திமிர்னு நினைச்சேன். ஜெயாதான் கண்டுபிடிச்சா.

"அக்கா, அது கட்டிங் வேஸ்ட்ல வளந்ததுங்க. துணின்னா அதுக்கு கக்கூஸுங்க."

உண்மைதான். கேட் பக்கத்துல பனியன் வேஸ்ட் குவியல் எப்பவும் கிடக்கும். அதுலதான் எல்லாம் பழகியிருக்கு. திருப்பூர்ல பிறந்த நாய்.

சிரிச்சேன். ஜெயா சிரிக்கலை. ஆனா நான் சிரிக்கறதைப் பார்த்துகிட்டிருந்தா.

6-6, புதன்

ஆடிட் முடிஞ்சுது. கை உறை, உடைஞ்ச ஊசி ரெஜிஸ்டர் எல்லாம் பார்த்தாங்க. குறை ஒண்ணுமில்லை. ஸ்தோ.

சாயங்காலம் குறை எங்க ஊட்டுல. மாடி வராந்தாவைக் கழுவி விட்ட தண்ணி குழாய் வழியா இறங்கி, கீழே ஊட்டு ஓனர் பொன்னுச்சாமி அண்ணன் காயப்போட்டிருந்த வேட்டி மேல. அவர் கோபமாப் பேசுற ஆளே இல்லை. வேட்டியைக் கையில பிடிச்சுகிட்டு மேலே வந்தார். "அம்மிணி, நாய் வளக்கறதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. நாத்தம் ஆவாதுங்க. இந்த மாசம் பாக்கறனுங்க. அதுக்கு மேல நாய் வேண்டாமுங்க." மரியாதையாச் சொன்னதால இன்னும் சுருக்குனு இருந்துச்சு. வேட்டியை வாங்கித் துவைச்சு, கஞ்சி போட்டு வெச்சிருக்கேன்.

ஜெயா உள்ளே இருந்து எல்லாம் கேட்டா. ராத்திரி அவ தட்டுல பாதி சோறு பாப்பாவுக்கு.

8-6, வெள்ளி

பெர்மிஷன் போட்டுட்டு கால்நடை ஆஸ்பத்திரி. ஜெயாவும் வந்தா. பஸ்ல நாயை ஏத்தலை, நடந்தே போனோம். இவ்வளவு தூரம் அவ நடந்ததே பெரிசு.

டாக்டர் சின்னப் பொண்ணு. ஊசி போட்டாங்க. பொறுமையாச் சொன்னாங்க. பெரிய குட்டி, பழகினதை மறக்கணும், அதனால நாளாகும். ஒரு பெட்டி வேணும், எழுந்து நின்னு திரும்பிப் படுக்கற அளவு மட்டும். தான் படுக்கற இடத்தை நாய் சீக்கிரத்துல அசிங்கம் பண்ணாது. சோறு பெட்டிக்குள்ளேயே. தண்டனைக்கு மட்டும் அதுல போடவே கூடாது, அப்புறம் அது ஜெயில் ஆயிரும். தூங்கி எழுந்தா, சாப்பிட்டா, விளையாடினா உடனே வெளியே, ஒரே இடத்துக்கு. போனதும் அங்கேயே தட்டிக் கொடுக்கணும், ஊட்டுக்கு வந்து இல்லை. ஃபினாயில் வாசம் நமக்குத்தான், நாய்க்கு அடியில இருக்கிற பழைய வாசம் தெரியும், வினிகர் தண்ணி போட்டுத் துடைங்க.

துணி சமாச்சாரத்தை ஜெயா சொன்னா. டாக்டர் யோசிச்சுட்டு, அப்ப அந்தத் துணியையே வெளியே கொண்டு போய் வைங்களேன்னாங்க.

வாங்க வேண்டியது: வினிகர், நாய்க்குத் தட்டு, எனக்கு மாத்திரை. கடைசியை மறந்துட்டேன்.

9-6, சனி

பெட்டி கிடைச்சுது. புது ஃப்ளாட்லாக் தையல் மிஷின் வந்த மரப்பெட்டி, ஸ்டோர் ஓரமாக் கிடந்துச்சு. மேனேஜர்கிட்ட கேட்டேன். அந்த நாய்க்குங்களான்னு கேட்டுட்டு, டெலிவரி வண்டியிலேயே போட்டு அனுப்பி வெச்சார். பல்லடம் ரோட்டுல விடச் சொன்ன அதே மனுஷன். நன்றி.

ஜெயா உப்புத்தாள் வாங்கி வரச் சொன்னா. மத்தியானம் பூரா தேய்ச்சா. ஆணி நீட்டிகிட்டிருந்ததை எல்லாம் அடிச்சு மடக்கினா. முன்பக்கம் பழைய ஜன்னல் வலையில கதவு. உள்ளே சோத்துத் தட்டு வெச்சா. பாப்பா தலையை மட்டும் உள்ளே விட்டு, பின்னங்காலை வெளியே வெச்சுகிட்டே தின்னு முடிச்சுது.

12-6, செவ்வாய்

குளிரும்னு நான் பெட்டிக்குள்ள பழைய பெட்ஷீட் விரிச்சேன். என்ன ஆகும்னு தெரிஞ்சிருக்கணும். எல்லாம் எடுத்தாச்சு. இப்ப வெறும் பலகை. அதுல ஈரம் பண்ணலை.

நேத்து ராத்திரி முதல் தடவையா கதவைச் சாத்தினதும் அழுதுச்சு. ஜெயா பெட்டிகிட்டயே படுத்து, வலையில கையை வெச்சுகிட்டா. காலையில எழுந்து பார்த்தா ரெண்டும் தூங்குதுங்க. நான் எழுப்பலை. நானே டீ போட்டுக் குடிச்சுட்டு வேலைக்குப் போனேன்.

எதிர் ஊட்டு அக்கா, நாயை அடைச்சு வெக்கறது பாவமுங்கன்னு எட்டிப் பார்த்துச் சொல்லிட்டுப் போனாங்க. எனக்கும் மனசுக்குள்ள உறுத்தல்தான். ஆனா இன்னிக்கு மத்தியானம் கதவு திறந்தே கிடந்தப்ப, தானா உள்ளே போய்ப் படுத்துகிட்டிருந்துச்சாம்.

14-6, வியாழன்

சாரல். தெரு முனையில காலி மனை, ஒரு வேப்பமரம். அதுக்கடியில ஜெயா ஒரு கை வேஸ்ட் துணி போட்டு வெச்சிருக்கா. கம்பெனியில இருந்து நான்தான் கொண்டு வந்தேன். இன்னிக்கு பாப்பா அதைப் பார்த்ததும் நேராப் போய் உட்கார்ந்துச்சு. ஜெயா தட்டிக் கொடுத்து, வறுகடலை கொடுத்து, ஒரே கொண்டாட்டம்.

மளிகைக்கடைக்காரம்மா கேட்டாங்களாம்: "ஏனுங்க, பாப்பா ஒண்ணுக்குப் போயிருச்சுங்களா?" தெருவுல போன யாரோ திரும்பிப் பார்த்து, எந்தக் குழந்தைன்னு தேடினாங்களாம். ஜெயா இதை எங்கிட்ட நடிச்சே காட்டினா. ரெண்டு பேரும் சிரிச்சோம். இந்த முறை ரெண்டு பேரும்.

விடியக்காலை, சோத்துக்கு அப்புறம், சாயங்காலம், படுக்கறதுக்கு முன்னாடி. அத்தனை தடவையும் அவதான் இறங்கிப் போறா. தலை சீவிட்டுப் போறா.

17-6, ஞாயிறு

இதை எப்படி எழுதறதுன்னு தெரியல.

நான் ஆராதனை முடிஞ்சு வர்றேன். ஜெயா தரையில உட்கார்ந்திருக்கா. மடியில டேவிட்டோட நீலக் கோடு போட்ட சட்டை. ஈரம். தலகாணிக்கு அடியில வெச்சிருந்ததை பாப்பா இழுத்து, அதுமேல.

அவன் கடைசியாப் போட்டுக் கழட்டின சட்டை. அன்னியில இருந்து துவைக்கலை. தூங்கும்போது முகத்துகிட்ட வெச்சுப்பா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது.

பாப்பா பெட்டிக்குள்ள மூலையில ஒண்டிகிட்டிருக்கு. இன்னியோட நாயும் போச்சு, இவளும் பழையபடி படுத்துருவான்னு நினைச்சேன். பக்கத்துல உட்கார்ந்தேன். அவ தோள்ல கை வெச்சேன். ரொம்ப நேரம் அழுதா. சத்தம் போட்டு. டேவிட்டை எடுத்துட்டுப் போன அன்னிக்குக்கூட அவ சத்தம் போட்டு அழலை.

அப்புறம் முகத்தைத் துடைச்சுகிட்டுச் சொன்னா: "வாசம் போயே ரொம்ப நாளாச்சுங்க அக்கா. நாந்தான் இருக்கறதா நெனச்சுட்டே இருந்தேன்."

எழுந்து போய் சட்டையைத் துவைச்சா. நல்லா அலசி, உதறி, கொடியில போட்டு க்ளிப் மாட்டினா. காத்துல சட்டை கை ரெண்டும் ஆடுச்சு. நான் பார்க்கலை, அடுப்படிக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா ரெண்டு பேரையும் காணோம். ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்துகிட்ட நின்னுகிட்டிருந்தாங்க.

ஆண்டவரே, இதுக்கு எப்படி ஸ்தோத்திரம் சொல்றதுன்னு தெரியல. சொல்லிட்டேன்.

20-6, புதன்

குண்டடத்துல இருந்து ஜெயாவோட அப்பா போன். சனிக்கிழமை வந்து அவளைக் கூட்டிட்டுப் போறாராம். இங்கே ரெண்டு பொம்பளைங்க தனியா எதுக்குன்னு கேட்கறார். அங்கே தோட்டம், அம்மா, அண்ணன் பசங்க, ஆள் பேர் உண்டு. நியாயம்தான். பெத்தவர்.

ஜெயாகிட்ட சொன்னேன். சரிங்கன்னா.

ஜெபத்துல என்ன கேட்கறதுன்னு குழப்பம். அவளுக்கு எது நல்லதோன்னு ஆரம்பிச்சு, அவ இங்கேயே இருக்கட்டும்னு போய் முடியுது.

பாப்பா மூணு நாளா உள்ளே ஒண்ணும் பண்ணலை.

23-6, சனி

மாமா, ஜெயாவோட அப்பா, மத்தியான பஸ்ல வந்தார். ஒரு சாக்கு சின்ன வெங்காயம், முருங்கைக்காய். நாயைப் பார்த்து முகம் சுளிச்சார். ஊட்டுக்குள்ளயாங்கன்னு கேட்டார். தோட்டத்து நாய் பார்த்தவருக்கு இது வேடிக்கை.

சோறு முடிஞ்சு கட்டில்ல சாய்ஞ்சார். பாப்பா வந்து வேட்டி நுனியைப் பிடிச்சு இழுத்துச்சு. தள்ளி விட்டார். கதவுகிட்ட போய் நின்னு முனகிட்டு, திரும்ப வந்து இழுத்துச்சு. விளையாடுதுன்னு நினைச்சார், நானும் அப்படித்தான். அடுப்படியில இருந்து ஜெயா ஓடி வந்தா. "அப்பா, அது உங்களைக் கேக்குதுங்க. வெளிய போவோணுமாம்." இதுவரைக்கும் நாமதான் கூட்டிட்டுப் போறோம், அதுவா கேட்டது இல்லை. இதுதான் முதல்.

அவ கையில மாவு. கயித்தை அவர்கிட்ட நீட்டிட்டா. மனுஷன் வேட்டியை மடிச்சுக் கட்டிகிட்டு, சாரல்ல, நாயோட மாடிப்படி இறங்கினார். திரும்பி வந்து, "போயிருச்சு கண்ணு"ன்னு அவகிட்ட ஒப்பிச்சார்.

24-6, ஞாயிறு

காலையில ஜெயாவே அப்பாகிட்ட பேசினா. நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன், இருங்க அக்கான்னு கையைப் பிடிச்சுகிட்டா. ஊர்த் திருவிழா நோம்பிக்கு வர்றேன், இப்ப வரலைன்னா. அடுத்த வாரம் கம்பெனிக்குப் போகப் போறேன்னா. எங்கிட்டயே அதுவரைக்கும் சொல்லலை.

மாமா டம்ளரைக் கீழே வெச்சுட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டார். கோபம்னு நினைச்சேன். பஸ் ஏத்தப் போனப்ப வழியில எங்கிட்ட சொன்னார்: "போன தடவ வந்தப்ப எம்புள்ள எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசலீங்க அம்மிணி. இன்னிக்குச் சண்டைக்கே வந்துட்டா. அது போதுமுங்க."

பஸ் கிளம்புச்சு. கும்பிட்டேன்.

30-6, சனி

மாசக் கடைசி. ஊட்டு ஓனர் சொன்ன கெடு. பொன்னுச்சாமி அண்ணன் வந்தார். வராந்தா, அறை, கதவு மூலை எல்லாம் நின்னு மூக்கை இழுத்தார். பெட்டியைச் சுத்திப் பார்த்தார். மரம் நல்ல மரமுங்கன்னார். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா நடுவுல நாயை யார் இறக்கறதுன்னு கேட்டார். மத்தியானம் நான் வந்துட்டுப் போறேன்னேன். அவ்வளவு நேரம் அடக்கக் கூடாதுங்க, சாவியைக் குடுங்க, நான் ஒருக்கா கூட்டிட்டுப் போறனுங்கன்னார்.

ஜெயா சிரிப்பு தாங்காம வாயைப் பொத்திகிட்டு உள்ளே ஓடிட்டா. நான் சாவி கொடுத்தேன். தோத்திரம், தோத்திரம்.

2-7, திங்கள்

ஜெயா வேலைக்குப் போனா. அதே மிஷின், அதே லைன். மத்தியானம் அவ பீஸ் செக்கிங்குக்கு வந்துச்சு. தையல் நேர். ஒரு பீஸ்கூட ஆல்டர்னு திருப்பி அனுப்பற மாதிரி இல்லை. லைன்ல எல்லார் முன்னாடியும் என்னத்தைச் சொல்றது, ஓகே ஸ்டிக்கர் ஒட்டி அடுத்த கட்டுக்குப் போயிட்டேன்.

5-7, வியாழன்

காய்ச்சல். காத்துதான் காரணம். லீவு. ஜெயா ரசம் வெச்சு, மாத்திரை எடுத்து வெச்சு, கஞ்சியை மூடி வெச்சுட்டு, எங்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டு, கதவுகிட்ட போய் மூணாவது தடவையும் சொல்லிட்டுப் போனா. எனக்கு இப்படி யாராவது செஞ்சு எத்தனை வருஷம். அம்மா இருந்தப்ப. படுத்துகிட்டே கொஞ்சம் அழுதேன், சந்தோஷமா.

வெளியே போகணும்னு பாப்பா இதுவரைக்கும் எங்கிட்ட கேட்டதே இல்லை. ஜெயாகிட்ட, ஊட்டு ஓனர்கிட்ட, வந்து போன மாமாகிட்டகூட கேட்டிருக்கு. என்னை மட்டும் ஒரு மேசை நாற்காலி மாதிரி சுத்திப் போகும். நானும் பொறாமைப்பட்டேன்னு எழுதணும், எழுதிட்டேன்.

இப்ப பெட்டியில இருந்து எழுந்து வந்து கட்டில்கிட்ட நிக்குது. என்னையே பார்க்குது. சேலைத் தலைப்பைப் பிடிச்சு மெதுவா இழுக்குது. தலை சுத்துது, படி வேற. இருந்தாலும்

போறேன்.