திரைக்குள் கேட்டது

ஜூன் 11, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். முதலில் நல்ல செய்தி. அத்தை பிழைத்துவிட்டார்கள். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் வாசலிலேயே நின்று, "யாரு இந்த மிதியடியத் தலைகீழா போட்டது?" என்று கேட்டார்கள். குணமாகிவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நீங்கள் போன் செய்யும்போது அத்தை ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார்கள். "நல்லா இருக்கேன்ப்பா" என்பதற்கு மேல் என்னால் எதுவும் பேச முடிவதில்லை. அதனால்தான் கடிதம். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அதை நம்பி எழுதுகிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

நம் கோயிலில் எல்லாம் மாறிவிட்டது. பழைய ஃபாதருக்குப் பதிலாக வந்திருக்கும் புது ஃபாதருக்கு இந்த ஊர் மொழி மட்டும்தான் தெரியும். தமிழில் "உட்காருங்கள்" என்பார், அதையும் நாங்கள் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் சொல்வார். அவர் பக்கத்து ஊர்ப் பங்குக் கோயிலையும் பார்க்க வேண்டியிருப்பதால், தமிழ்ப் பூசையும் ஊர்மொழிப் பூசையும் ஒன்றாகிவிட்டன. முதல் வாசகம் தமிழில், அடுத்தது அவர்கள் மொழியில். செபங்களை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்கிறோம். அவர்கள் முடித்துவிட்டு நமக்காகக் காத்திருப்பார்கள். பிரசங்கத்தை ஃபாதர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நான் பக்கத்து மைக்கில் தமிழில் சொல்கிறேன். அவர் ஒரு நகைச்சுவை சொன்னால் வலது பக்கத்து பெஞ்சுகள் முதலில் சிரிக்கும், நான் சொன்னபிறகு இடது பக்கம் சிரிக்கும். போன வாரம் இடது பக்கம் சிரிக்கவில்லை. "தப்பு உன் மேலயா அவரு மேலயான்னு தெரியல பாப்பா," என்றார் மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் உபதேசியார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அத்தை விழுந்தார்கள். பூசை முடிந்து, கோயில் சாமான் அறையில் பீடத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்கள். போனில் நீங்கள் கேட்டது இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். சாகப்போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழோடு ஃபாதர் வந்தார். அத்தை, "பாவசங்கீர்த்தனம் பண்ணணும், என் பாவத்தச் சொல்றேன், அவரக் கேக்கச் சொல்லு," என்றார்கள். மனத்துக்குள் வருந்தினாலே இந்த நேரத்தில் போதும் என்றார் ஃபாதர். நான் அதைச் சொன்னதும் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வாயால சொல்லாமப் போனா எனக்கு நிம்மதி இல்ல. நீயே அவருகிட்ட சொல்லு."

"பக்கத்து வீட்டு ரேடியோ அக்காவக் கூப்பிடட்டுமா அத்தை? அவங்களுக்கும் ரெண்டு மொழியும் தெரியுமே?"

"அவ வாயில விழுந்தா நான் செத்தாலும் ஊரு விடாது."

ஃபாதர் என்னைப் பார்த்து, "மொழிபெயர்க்க ஆள் வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். ஆனால் என்னைக் கட்டும் இரகசியம் உன்னையும் கட்டும். யாரிடமும், எப்போதும், ஒரு சொல்கூட வெளியே போகக் கூடாது. முடியும் என்றால் நில். முடியாதென்றால் போ, குற்றமில்லை," என்றார்.

நான் நின்றேன்.

அப்பா, சாகப்போகிறோம் என்று நினைத்து அத்தை சொன்னார்கள். சாகப்போகிறார்கள் என்று நினைத்து நானும் கேட்டேன். இப்போது இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
புத்தகப்புழு

பின்குறிப்பு: அம்மா இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன்.


ஜூன் 24

என் புத்தகப்புழுவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கூட வேலை செய்யும் வெல்டர், "பொண்ணு பெரிய எழுத்தாளரா வரும் போல," என்றான். "வந்தா உன்னப் பத்தித்தான் முதல்ல எழுதுவா, ஒழுங்கா இரு," என்றேன்.

இதற்கெல்லாம் பயப்படலாமா மகளே? அக்காவிடம் என்ன பெரிய பாவம் இருந்துவிடப் போகிறது? பால்காரரைத் திட்டியிருப்பாள், பாடகர் குழு அபஸ்வரமாகப் பாடுகிறது என்று பூசை நேரத்தில் முணுமுணுத்திருப்பாள். மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்காமல் எனக்கு மட்டும் எழுதிவிடு. அப்பாவிடம் சொல்வது வெளியே சொல்வதாகாது.

அம்மாவைப் பற்றி ஏன் கேட்டாய்? அவள் கோபித்துக்கொண்டு போனாள், நீ வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள், வேறு கல்யாணமும் செய்துகொண்டாள். எல்லாவற்றையும் அக்கா அப்போதே எனக்குச் சொல்லிவிட்டாள். உன்னை வளர்த்தவள் அக்காதான். அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம்.

அக்கா போனில் உன்னைப் பற்றிக் குறைப்படுகிறாள். முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். உடம்பு சரியில்லாதவள், அனுசரித்துப் போ.

அன்புடன்
அப்பா


ஜூலை 5

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவைப் பற்றி நான் கேட்டிருக்கவே கூடாது. அந்தக் கேள்வியை நான் எழுதவில்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஏன் என்று கேட்காதீர்கள்.

உங்களிடம் சொல்வதும் வெளியே சொல்வதுதான். உபதேசியாரின் பெரிய புத்தகத்தை வாங்கிப் படித்தேன். எதற்கு என்று கேட்டதற்கு மறைக்கல்விப் போட்டிக்கு என்றேன். பொய் சொன்னதற்கு வேறு இப்போது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். கேட்டதைச் சொல்லக் கூடாது என்பது மட்டுமில்லை, சொன்னவருக்குத் தீங்காக அதைப் பயன்படுத்தவும் கூடாதாம். அப்படியென்றால் நான் கேட்டதை வைத்து ஒரு கேள்வி கேட்பதும் தப்பாக இருக்கலாம் அல்லவா? ஒருவரைத் தேடுவதும்? எனக்குத் தெரியவில்லை. தப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாததுதான் அதிகப் பயமாக இருக்கிறது.

ஃபாதரிடம் கேட்கலாம் என்று சாமான் அறைக்குப் போனேன். "அன்றைக்கு ஆஸ்பத்திரியில்..." என்று தொடங்கியதுமே கையை உயர்த்தினார். அதைப் பற்றி அவரும் என்னிடம் பேசக் கூடாதாம். பொதுவாக விதியைப் பற்றி மட்டும் கேள் என்றார். "சொன்னவரே அந்த இரகசியக் கட்டை அவிழ்க்கலாமா ஃபாதர்?" என்று கேட்டேன். "அவரே விரும்பி அவிழ்த்தால் உண்டு. நீ போய்க் கேட்டு அவரை நெருக்கக் கூடாது," என்றார். பிறகு பீடத் துணியை எடுத்து, மடித்திருந்ததையே மறுபடி மடித்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது போல.

வீட்டில் அத்தை நான் போடும் டீயைக் குடிப்பதில்லை. டம்ளரைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், "ஆறட்டும்" என்பார்கள். நான் பள்ளிக்குப் போகும்போது அது அப்படியே இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் தொட்டியில் கொட்டிய கறை இருக்கும். தூங்கும்போது அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார்கள். நான் அவர்களை என்ன செய்துவிடுவேன் அப்பா? ஆனால் அவர்கள் என்னைப் பார்க்கிற விதத்தில், நான் ஏதோ செய்யக்கூடியவள்தானோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று தலையணையை வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டு படுக்கிறேன். பிரசங்கத்தை மொழிபெயர்க்கும்போதும் பயம்தான். ஃபாதர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், எனக்கு அந்தத் திரைக்குள் சொன்ன வாக்கியம் நாக்குவரை வந்துவிடும். போன ஞாயிறு வாயே திறக்க முடியவில்லை. வலது பக்கமும் இடது பக்கமும் என்னையே பார்த்தன. ரேடியோ அக்கா, "என்னடி, மைக்கு முன்னாடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஆஸ்பத்திரியில அத்தை என்ன சொன்னாங்க, எங்கிட்ட மட்டும் சொல்லேன்," என்கிறார்கள். எல்லாரும் "எங்கிட்ட மட்டும்" என்கிறீர்கள்.

இப்போதெல்லாம் நான் எழுத உட்கார்ந்தாலே அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "படி கேப்போம்" என்கிறார்கள். இந்தக் கடிதத்தையும் படித்துக் காட்டச் சொல்வார்கள். எழுதியிருப்பதைத்தான் படிப்பேன். நம்புவார்களா என்று தெரியவில்லை.

உங்கள்
புத்தகப்புழு


ஜூலை 19

மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்தபிறகு வேலையில் கை ஓடவில்லை.

அக்கா அழுதாள். நீ அவளை மிரட்டுவதுபோல் பார்க்கிறாயாம். கடிதத்தில் இல்லாததை இருப்பதுபோல் படித்துக் காட்டுகிறாயாம். விடுதியில் சேர்த்துவிடலாம், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இடம், கண்டிப்பாக இருப்பார்கள் என்கிறாள். நானும் சரி என்று சொல்லப் போகிறேன். பெண்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆனால் ஒன்று. நீ கேட்டுவிட்டு அழித்த அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அக்கா உன் அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னாளா? விவரம் வேண்டாம். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை எழுது. எழுதினால் விடுதிப் பேச்சை எடுக்க மாட்டேன். எழுதாவிட்டால், நீ வேண்டுமென்றே வீட்டில் குழப்பம் செய்கிறாய் என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அடுத்த மாதமே பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும்.

அப்பா


ஜூலை 29, சனி

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆம் என்றும் எழுத மாட்டேன், இல்லை என்றும் எழுத மாட்டேன். இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். யாருக்காவது ஒரு முறை "இல்லை" என்று பதில் சொன்னால், அடுத்த முறை நான் பேசாமல் இருப்பதே "ஆம்" ஆகிவிடும். அதனால் எதற்கும் பதில் கிடையாது. இதை யோசித்துக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் என் பதில் இதுதான்.

விடுதிக்குப் போகிறேன். துணிகளை மடித்து வைத்துவிட்டேன். அங்கே நூலகம் இருக்குமா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். ஒரு பெரிய அறையில் எல்லாரும் வரிசையாகப் படுப்பார்களாம். அங்கே தூக்கத்தில் உளறினால் எத்தனை பேர் கேட்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது அத்தை சமையலறையில் இருந்தார்கள். "தம்பி எழுதியிருக்கானா? படி," என்றார்கள். ஒரு நிமிடம் யோசித்தேன். சில வரிகளை விட்டுவிட்டுப் படிக்கலாம், அவர்களுக்குத் தெரியவா போகிறது? ஆனால் நான் இல்லாததைப் படிக்கிறேன் என்று சொன்னவர்கள் முன்னால் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. எல்லாவற்றையும் படித்தேன். அத்தை அழுததாக நீங்கள் எழுதியதையும், விடுதியையும், அம்மாவைப் பற்றிக் கேட்டதையும், ஆம் இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டதையும் படித்தேன்.

அத்தை அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"பதில் எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல அத்தை."

"என்ன எழுதப் போற?"

"எதுவும் சொல்ல மாட்டேன்னு."

"விடுதிக்கு அனுப்பிருவானே?"

"தெரியும்."

"நீ என்ன பொண்ணுடி," என்றார்கள். திட்டுவதுபோல்தான் சொன்னார்கள். பிறகு அறைக்குப் போய்விட்டார்கள். தாழ்ப்பாள் சத்தம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பேன்.

உங்கள் மகள்


ஜூலை 30, ஞாயிறு

தம்பி,

நான் அக்கா பேசுறேன். எழுதுறது உன் மக. நான் சொல்றத அப்படியே எழுதணும், ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். கூட்டிக் கொறைக்கிற ஆளு அவ இல்ல, நாந்தான். பூசை முடிஞ்சு வந்ததும் நேத்து எழுதி வெச்ச கவரத் தபால்ல போட வேணாம், இதையும் சேத்து வைன்னு சொல்லி உக்கார வெச்சிருக்கேன். அந்த ஃபாதர்கிட்ட சொன்னத இப்ப என் வாயால உனக்குச் சொல்றேன். இதுல இவ மேல குத்தம் எதுவும் இல்ல.

உன் பொண்டாட்டி பிள்ளைய வேணாம்னு சொல்லல. கோவத்துல அவ அம்மா வீட்டுக்குப் போனா, கோவம் ஆறினதும் திரும்பி வந்தா. நான் வாசக் கேட்டத் தொறக்கல. "தம்பி உன்ன உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டான், பிள்ளைக்கும் உன்னக் கண்டா பயம்"னேன். நீ அப்படிச் சொல்லல. பிள்ள உள்ள தூங்கிட்டு இருந்தா. அவ கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா, அப்புறம் போயிட்டா. அதுக்கு அப்புறமும் வந்தா. ஒருதடவ கைப்பையோட வந்து, பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லி ஒரு ஸ்வெட்டர் குடுத்தா. நான் வாங்கல.

அவ வேற கல்யாணம் பண்ணிக்கிட்டதா நான் சொன்னது பொய். பண்ணிக்கிட்டாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அப்படிச் சொன்னா நீ அவளத் தேட மாட்டன்னுதான் சொன்னேன். நீயும் தேடல.

ஏன் செஞ்சேன்னு கேப்ப. அவ பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவாளோன்னு பயம். எனக்குன்னு யாரு இருக்கா? பொறகு நீ கண்டுபிடிச்சுருவியோன்னு பயம். ஆஸ்பத்திரியில நரகத்துக்குப் போயிருவேனோன்னு பயம், வேற யாரும் கெடைக்காம இந்தப் பிள்ள வாயாலயே அத அவருகிட்டச் சொல்ல வெச்சேன். அது ஒரு எடத்துல நிறுத்தல, அழல. அவரு கேக்கக் கேக்கச் சொல்லிட்டே இருந்துச்சு. பொழைச்சு வந்தப்பதான் உண்மையான பயம் புடிச்சுது. இத்தன நாளும் அது சோத்துல எதையாவது கலந்துருமோன்னு பாத்துட்டு இருந்தேன். அது வாயவே தொறக்கல. நீ மெரட்டியும் தொறக்கல.

அவ அம்மா வீடு இருந்த தெரு எனக்குத் தெரியும். இப்ப அங்க இருக்காளோ என்னவோ. நாளைக்கு இவளக் கூட்டிக்கிட்டுப் போறேன். என்னத் தொரத்தினாலும் சரி, இவளுக்குக் கதவத் தொறந்தாப் போதும். நீ போன் பண்ணி என்னத் திட்டணும்னா திட்டு. இந்தத் தடவ ஸ்பீக்கர் போட மாட்டேன், அவ கையிலயே குடுத்துர்றேன்.

இதெல்லாம் சொல்ற நேரம் பூரா இவ இப்பதான் மொத மொத கேக்குற மாதிரி எழுதிட்டு இருக்கா. நீ என்ன மன்னிச்சிட்டியாடின்னு கேட்டேன். அதையும் அப்படியே எழுதிட்டா.

அடுத்து என்ன எழுதணும்னு கேக்குறா.

உன் அக்கா