தப்பில்லை, பெருக்கல்

அலோர் காஜா,
28.4.1995

அன்பு மருமகள் கலைமகளுக்குத் தாய்மாமன் நாகமுத்து ஆசி கூறி எழுதுவது. சபாவில் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே இப்போதுதான் மூச்சு வந்தது.

உன் அப்பா ஜெயித்துவிட்டார் அம்மா! சாவிச் சின்னத்தில், சுயேச்சையாக, நாற்பத்தோரு ஓட்டில்! எதிராளி மறுபடி எண்ணச் சொன்னான், அதே நாற்பத்தொன்று. ஓட்டு எண்ணிய பெரிய ஆபீசர் என் கையைக் குலுக்கி, இந்த வெற்றி உங்களுடையது என்றார். சொன்னது இங்கிலீஷில், எனக்கு அது வராது; ஆனால் வேறென்ன சொல்லியிருக்கப் போகிறார்? உன் அம்மா அப்புறம்தான் சோறு தின்றாள்.

ரப்பர் தோட்டத்தைக் கோல்ஃப் திடலுக்கு விற்றால் ஜனங்களுக்கு வீடு எங்கே என்று சட்டமன்றத்தில் சொந்தக் கட்சியையே கேட்ட மனுஷன். கட்சி சீட்டுத் தரவில்லை. போன தடவை கட்சி பலத்திலேயே மயிரிழையில் தப்பிய தொகுதி. நீ பயந்ததில் குற்றமில்லை.

ஓட்டுக்கு முதல் நாள் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் போனேன். நம்ம பெத்தம்மாள் கிழவி, உன் மச்சான் சாமிநாதனுக்கு 'சரி' போடுவேன், மற்றவனுக்குத்தான் பங்கா போடுவேன் என்கிறாள்! வாத்தியார் போடுகிற தப்பை நம்ம ஆளுக்கா போடுவது என்று லயமே அவள் கட்சி. பங்கா என்ற அந்த எக்ஸ் குறி விழுகிறவனுக்குத்தானே ஓட்டு! கணக்கில் நான் வாங்கிய தப்பெல்லாம் கண்முன் வந்து நின்றது. அதிலேயே யோசனையும் பிறந்தது. ஆத்தா, அது தப்பில்லை, பெருக்கல் குறி. சாவிக்குப் போட்டால் எல்லாம் பெருகும் என்றேன். முப்பது வருஷம் டிஸ்பென்சரியைப் பெருக்கினேனே, எனக்கு என்னடா பெருகியது என்று கேட்டாள். லயமே சிரித்தது. ஆனால் மறுநாள் எல்லாரும் சாவிக்குப் பங்கா போட்டார்கள். காலேஜில் படித்தவர்களுக்கு வருமா இந்த மூளை?

ஒன்று சொல்ல வேண்டும். கழுத்தில் மாலையோடு வீட்டுக்குள் நுழைந்த உன் அப்பா முதலில் கேட்டது, சபாவிலிருந்து போன் வந்ததா என்றுதான். நீங்கள் செய்தது தப்பு, கட்சியிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தவள், அப்புறம் நீ கூப்பிடவே இல்லையாமே. மச்சான், பிள்ளை போட்டதும் தப்பில்லை, பெருக்கல்தான் என்றேன். சிரித்தார். ஆனால் போன் அடித்தால் அவரேதான் ஓடுகிறார்.

மாமா அளப்பதில் பாதி பொய் என்று உன் அம்மா சொல்வாள். மற்றதெல்லாம் போகட்டும் தாயி, மச்சானிடம் நான் சொன்ன இந்த ஒன்றை மட்டும் பொய்யாக்கிவிடாதே.

மாரியம்மன் உனக்குத் துணை.

உன் மாமன்,
நாகமுத்து