ஐந்தாவது விமர்சனம்

என்னங்க,

சாப்பாடு மேசையில். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் நாவல் இன்னும் அடித்தட்டில்தான் கிடக்கிறதா என்று பார்க்கப் புத்தகக் கடைக்குப் போகிறேன்.

இணையத்தில் அதற்கு வந்த நான்கு விமர்சனங்களும் உங்கள் கைவரிசைதான். நான்கிலும் முதல் அத்தியாயத்துக்கு மட்டும் புகழாரம்! நீங்கள் வாசித்ததே அந்த ஒரு அத்தியாயம்தான். "பொண்டாட்டி எழுதினதைப் படிக்காமலே ஊரை ஏமாத்துறீங்களா?" என்று நான் நேற்றுக் கத்தியது அதனால்தான்.

பி.கு.: செருப்பு மாட்டும்போது போனில் பார்த்தேன், ஐந்தாவதாக ஒன்று வந்திருக்கிறது. எழுதியவர் கடைசி அத்தியாயத்தில் அழுதாராம்! அது நீங்கள் என்றால், நேற்றுக் கத்தியதை மறந்துவிடுங்கள். இல்லையென்றால், முன்பின் தெரியாத யாரோ என் புத்தகத்தை முழுசாகப் படித்திருக்கிறார். எதுவென்று சொல்லிவிடாதீர்கள். இரண்டையும் நானே வைத்துக்கொள்கிறேன்.