கரை காலியாக இருந்த நாள்

செவ்வாய்க்கிழமை

நான் எழுத்தராக இருக்கும் ஊராட்சியில் பணமில்லை என்று புது ஆள் எடுப்பதில்லை. ஆனால் ஏரிக்கரைத் திட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பெண் ஆலோசகரை அமர்த்தியிருக்கிறார்கள். இன்று கரையோர மீனவர் குப்பத்தில் அவர் வரைபடத்தை விரித்தார். கரை முழுக்க நடைபாதை, பெஞ்சுகள்.

குப்பத்துச் செல்வி அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். "எல்லாம் நல்லாத்தான் கீது தம்பி. வலைய எங்க காயப் போடறதாம்? கேட்டு சொல்லு."

கேட்டேன்.

"நாங்க அளக்க வந்த அன்னிக்கு இங்க வலையே இல்லையே" என்றார் அந்த அம்மா, உண்மையாகவே குழம்பிப்போய்.

குப்பங்கள் நாள் முறை வைத்து மீன்பிடிக்கும் ஏரி இது; அளந்த அன்று இந்தக் குப்பத்தின் முறை. வலையெல்லாம் தண்ணீரில் கிடந்தது. கரையில் ஆட்கள் இருந்தால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள், வேலை இழுக்கும் என்று அளக்க அந்த நாளைப் பார்த்துக் கொடுத்தவன் நான்தான்.

செல்வி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரைபடத்தைச் சுருட்டினேன்.