வானொலியில் கேட்ட பாசிமணி

அன்பு மகள் டெல்ஃபினாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மாடுகளும் சௌக்கியம், கீட்டோ பட்டணத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

நீ ரேடியோவில் நம் கிச்சுவா மொழியில் காலைச் செய்தி வாசிக்கத் தொடங்கியதிலிருந்து, பால் கறக்கும்போது ரேடியோவை வேலியில் மாட்டிவிடுகிறேன். நீ வாய் திறக்குமுன்பே உன் கழுத்துப் பாசிமணி மைக்கில் உரசிக் கலகலவென்று கேட்கும், அது நான் கோத்ததாக்கும் என்று பசுவிடம்கூடப் பெருமையடித்திருக்கிறேன். போன வாரம் மணிச்சத்தம் நின்றதும் உனக்குக் காய்ச்சலோ என்று பதறித்தான் போன் செய்தேன். மணி இரைகிறது, கழற்றிவிட்டு வாசி என்று மேலதிகாரி அம்மாள் சொல்லிட்டாங்கம்மா, சத்தம் வராத மாதிரி ஒண்ணு கோத்து அனுப்பு என்றாய். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் பிள்ளையின் வேலையாயிற்றே என்று கோக்க உட்கார்ந்துவிட்டேன்.

நூலை இறுக்கி, அடியில் துணி வைத்துத் தைத்தேன். அப்பா அதைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு கன்றுக்குட்டி போலத் தலையை ஆட்டிப் பார்த்தார், சத்தம் இல்லைதான், மூச்சும் இல்லையேடி, புள்ள எப்படி வாசிப்பா என்றார். ஞாயிறு பூசைக்கு நானே போட்டுக்கொண்டு போனேன், ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு பல்பினா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏண்டி அசுன்சியோன், உன் மக குரல் வருது, மணிச்சத்தத்தைக் காணோமே, ரேடியோதான் கெட்டுப்போச்சுன்னு தட்டித் தட்டி மூடியே உடைஞ்சுபோச்சு என்றாள். விசாரித்தால் மலைமேல் பாதிப்பேர் ரேடியோவைத் தட்டியிருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் கை கோத்த மணியை இத்தனை பேர் தேடியிருக்கிறார்கள், இதைவிட எனக்கு என்னடி பெருமை வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஊமை மணியை அறுத்துவிட்டேன். அதே மணிகளோடு ஊதாவும் சிவப்பும் சேர்த்து, தோள்வரை விரிகிற மாதிரி தளர்வாகப் பின்னி இந்தப் பஸ்ஸில் அனுப்புகிறேன். வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று உனக்குப் பயமாக இருக்கும், எனக்கும்தான் இருக்கிறது. போடுவதும் விடுவதும் உன் இஷ்டம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பொட்டலத்தில் பாலாடைக்கட்டியும் இருக்கிறது, கெடுவதற்குள் சாப்பிடு. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், உன் குரல் நீடூழி கேட்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, இது அகலமானது, தனியாகக் கட்டிக்கொள்ள வராது, பின்னால் இன்னொருத்திதான் முடிச்சுப் போட வேண்டும். அந்த மேலதிகாரி அம்மாளையே கூப்பிட்டு, கொஞ்சம் கட்டிவிடுங்கம்மா என்று முதுகைத் திருப்பி நில். கையில் வாங்கிப் பார்த்த பிறகும் கழற்று என்று அவளுக்கு வாய் வருகிறதா, பார்க்கலாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அசுன்சியோன் குவலான்